நீலக் கயிறு

நவம்பர் கடைசியில் லியபாயாவில்
எட்டரைக்குத்தான் வெளுக்கும்.
அதற்குள் பாய்களை விரித்துவிடுவேன்.
மரப்பலகையின் ஒரு முனைக்கடியில்
அட்டையை மடித்துச் செருகுவேன், ஆடாமல் இருக்க.
பட்டாணி அடைத்த பைகளை
ரேடியேட்டர் மேல் வரிசையாக வைப்பேன்.
சூடான பை மடியில் கனக்கும்.
கனத்தால்தான் தெரியும், மடி ஒன்று இருப்பது.
சில பிள்ளைகளுக்கு
அதுவே அன்றைய செய்தி.

உந்தினே நுனிக்காலில் வருவாள்,
தரை கொதிப்பதுபோல.
மாரெக்ஸ் சுவரில் மோதி, கதவில் மோதி, என்மேல் மோதி
தான் முடியும் இடத்தைக் கண்டுபிடிப்பான்.
ரெனார்ஸ் வருவதில்லை,
கொண்டுவரப்படுவான்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா
இரவு வேலை முடித்து
உப்புக்காற்று மாறாத ஜாக்கெட்டோடு
அவனைப் பாயில் இறக்கி
கொட்டாவியை என் முன்னால் விழுங்கிவிட்டுப் போவார்.

கதவிலிருந்து நான்கு எட்டில்
ஒரு நீலக் கயிறு.
விரல் தடிமன்.
அதைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.
ஆகஸ்டிலிருந்து தாண்டவில்லை.
நேராகப் போட்டேன், வளைத்துப் போட்டேன்,
கைதட்டி எண்ணினேன்,
அவன் பார்க்க நானே தாண்டித் தாண்டிக் காட்டினேன்.
அவன் கண்ணுக்கு அந்தக் கயிறு
எவ்வளவு உயரமோ, எனக்குத் தெரியாது.

ஒரு மாலை எல்லோரும் போனபின்
கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்று பார்த்தேன்.
ஏழு எண்ணுவதற்குள்
தரை எங்கோ போய்விட்டது.
எனக்கு நாற்பத்தாறு வயது,
இந்த வேலையில் இருபது வருடம்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
தாண்டினான். தாண்டவில்லை.

வியாழக்கிழமை
ஜன்னலைக் காற்று உலுக்கிக்கொண்டிருந்தது.
கயிற்றுக்கு முன் நின்றான்.
நான் வாயைத் திறக்கவில்லை
(அதுவும் ஒரு பயிற்சிதான், எனக்கு).
முழங்கால் மடங்கியது.
இதுவரை குந்தினால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவான்.
அன்று குதிகால் தரையிலேயே நின்றது.
வலக்கை தன் உடம்பைக் கடந்து இடப்பக்கம் போய்
கயிற்றின் நுனியைப் பிடித்தது.
இழுத்தான்.
வந்துகொண்டே இருந்தது.
கன்றுக்குட்டி எழுவதுபோல
பின்பக்கம் முதலில், தலை பிறகு என்று எழுந்து
மொத்தத்தையும் என் மடியில் போட்டுவிட்டு
கயிறு கிடந்த இடத்தின் வழியே
ஜன்னலுக்கு நடந்து போனான்,
டிராம் பார்க்க.

குந்துவது. கை நடுக்கோட்டைக் கடப்பது.
பிடித்ததை விடுவது.
எல்லாம் அடுத்த வருடத் திட்டத்தில்
என் கையெழுத்தில் இருக்கின்றன.

தாண்டவில்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில்
'கயிற்றை எடுத்துவிட்டான்' என்று எழுதினேன்.
வரி சாய்ந்துவிட்டது.
இதற்குள் மாரெக்ஸ் கயிற்றைப் பறித்து
இடுப்பில் ஐந்து சுற்று சுற்றிக்கொண்டு
கழற்றத் தெரியாமல் கத்தினான்.

மதியம், கன்னத்தில் தலையணைக் கோட்டோடு
வந்த அப்பாவிடம் சொன்னேன்.
"அப்போ தாண்டலை?"
"இல்லை."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"வழியில கிடக்கறதைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கத்தான்
எனக்கும் சம்பளம் குடுக்கிறாங்க."

வாசலில் வழக்கம்போல் மகனைத் தூக்கிக்கொண்டார்.
நடக்கவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

கயிறு அலமாரியில் இருக்கிறது.
நாளைக்கு அதை
அதே இடத்தில் போடுவதா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.