தாள் வட்டம்

மொட்டைமாடிக் கருவியிலிருந்து
இடுக்கியால் எடுக்கிறேன்
அந்தத் தாள் வட்டத்தை.
நேற்றுக் காலை வைக்கும்போது பாலேடு.
இன்று அடிப்பிடித்த சட்டி.

உலான்பத்தாரில் மைனஸ் முப்பத்தொன்று.
என் இமை முடிகளில் பனி.
கீழே நகரம் இருக்க வேண்டிய இடத்தில்
அழுக்குப் பழுப்பில் ஒரு கம்பளி.
அதைப் பொத்துக்கொண்டு நிற்பவை
மின்நிலையத்தின் புகைபோக்கிகள் மட்டும்.

"இன்றைக்கு எவ்வளவு, உத்வல்?"
ஏணியைப் பிடித்திருக்கும் கன்போல்ட் கேட்கிறான்.
நிறுக்காமல் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.
ஆனாலும் கேட்பான்.

தராசு இருப்பது கண்ணாடிப் பெட்டிக்குள்.
நான் மூச்சு விட்டால் எண் மாறும்.
மூச்சை அடக்கித்தான்
ஊர் மூச்சை நிறுக்கிறேன்.

ஆண்டறிக்கையில் பங்கு பிரிப்பார்கள்.
வண்டிகளுக்கு இவ்வளவு,
மின்நிலையத்துக்கு இவ்வளவு,
கூடாரக் குடியிருப்பின் அடுப்புகளுக்கு
பெரிய துண்டு.
அந்தத் துண்டின் ஓரத்தில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கீற்று,
பயன்கொஷு மேட்டில்
நீலப் பலகை வேலிக்குப் பின்னால்
ஒட்டுப்போட்ட தகரக் குழாய்,
என்னுடையது.

நேற்றிரவு இரண்டரைக்கு
தெமூலென் இருமி எழுந்தான்.
வாளித் தண்ணீர் தோல் போர்த்தியிருந்தது.
இன்னும் நாலு கரிக்கட்டி போட்டேன்.
கூடாரம் சூடானது. தூங்கிவிட்டான்.
குழாய் வழியே போவது
கதவிடுக்கு வழியே திரும்பி வரும்.
தெரிந்தேதான் போட்டேன்.

நெருப்பில்லாமல் புகையாதாம்.
புகையாத நெருப்பு என்ன விலை என்று
போன மாதம் கடையில் கேட்டேன்.
மின்கணப்புக்கு என் மூன்று மாதச் சம்பளம் சொன்னான்.
எங்கள் மேட்டுக்கு வரும் கம்பியோ
ஒரு பல்பையே
அரை மனசோடுதான் எரிக்கிறது.

தாளை உருப்பெருக்கியின் கீழ் வைக்கிறேன்.
வேலைக்கு இது தேவையில்லை.
எது என் இரண்டரை மணி?
எது பக்கத்து வேலி சுவாத் எரித்த டயர்?
எது எங்கள் அதிகாரி
இஞ்சினை அணைக்காமல் நிறுத்திவைத்த ஜீப்?
கறுப்பில் பெயர் எழுதியிருக்கவில்லை.

எண்ணைப் பதிந்து கையெழுத்திடுகிறேன்.
தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறான் கன்போல்ட்.
"நேற்றைவிடக் குறைவுதானே!"
"விடியும் முன் கொஞ்சம் காற்றடித்தது."
எங்கே போயிற்று என்று அவன் கேட்கவில்லை.

மணி நாலு. இருட்டிக்கொண்டு வருகிறது.
அடுப்பு அணைந்திருக்கும்.
பேருந்து நிறுத்தத்தில்
முகமூடியை மூக்குவரை இழுத்துவிட்டு
சில்லறையை எண்ணுகிறேன்,
ஒரு மூட்டைக் கரிக்கும்
இருமல் மருந்துக்கும்.