ஒரு கிராம்

காலையில் எண்ணிப் பார்த்தேன்:
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒரு யென்.
விமான நிலைய ரயிலுக்கான ஆயிரம்
இடது சாக்சுக்குள் தனி.
அது பணமில்லை, பாதம்.

நூற்று முப்பதுக்கு ஒரு சோற்று உருண்டை.
உறையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அம்புக்குறிகள்.
இரண்டாவதிலேயே கிழித்துவிட்டேன்.
சிதறிய பாசித்தாளை மேசையிலிருந்து பொறுக்கித் தின்னும்போது
கடைப் பையன்
ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை
மறுபடி துடைத்தான்.

ஷின்செகாய் என்றால் புதிய உலகமாம்.
உள்ளே எல்லாமே என்னைவிட மூத்தது.
உள்ளங்கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறது
பொன்னிறத்தில் ஒரு சிரிப்புச் சாமி.
தேய்த்தால் யோகம்.
இலவசம் என்பதால் இரண்டு முறை தேய்த்தேன்.

பட்டியலில் எட்டுப் பேர்.
நூறு யென் கடையில் மூன்று ஜோடிச் சாப்பாட்டுக் குச்சி
(வரியோடு நூற்றுப் பத்து, அதை மறந்திருந்தேன்).
குளிர்பெட்டியில் ஒட்ட ஒரு காந்தக் கோபுரம், நானூற்று நாற்பது.
மேலாளருக்கு அலை அச்சிட்ட துணி, எண்ணூற்று எண்பது.
விடுப்பு தரும்போது அவர் பெருமூச்சு விட்டிருக்கிறார்,
அந்தப் பெருமூச்சுக்கு இது கட்டுப்படியாகும்.
மீதி மூவர் என்னை மன்னிக்கட்டும்,
அல்லது மறக்கட்டும்.

மெட்ரோ நூற்றுத் தொண்ணூறு.
மழை.
மழைக்கு ஒதுங்கியதுதான். சத்தியமாக
ஒதுங்கியதுதான்.

நான்கு மாடி முழுக்கச் சத்தம்.
கண்ணாடிப் பெட்டிக்குள்
ஒரு நீர்நாய்க்குட்டி, பஞ்சு அடைத்தது,
கண்மூடி, மல்லாந்து,
வாடகையே கட்டாமல் உறங்கிக்கொண்டிருந்தது.

மாற்று இயந்திரம் என் ஆயிரத்தை உறிஞ்சி
பத்து நாணயம் துப்பியது.

கொக்கி இறங்கும், பிடிக்கும், தூக்கும்,
உயரே போனதும்
வேறு வேலை ஞாபகம் வந்தவர்போல்
விட்டுவிடும்.
அதன் விரல்களுக்கு வாதம்.
ஐந்தாவது முறை குட்டி ஒரு அங்குலம் நகர்ந்தது.
அந்த ஒரு அங்குலம் இல்லாவிட்டால்
நான் பிழைத்திருப்பேன்.

பக்கத்துப் பெட்டியில் அமாமியா,
வங்கிச் சீருடை, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
நிதானமாகத் தோற்றுக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்,
தன் சட்டைக் காலரின் லேபிளை இழுத்துக் காட்டினாள்:
வயிற்றை விடு, லேபிளில் மாட்டு.
எட்டு, ஒன்பது, பதின்மூன்று.
லேபிளும் நழுவியது.
அவளும் நானும் ஒரே நேரத்தில்
‘ஆ’ என்றோம்.
அதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

பதினேழாவது நாணயமும் போனது.
குனிந்தேன்.
ஷூ நாடாவை அவிழ்த்தேன்.
சாக்சுக்குள் விரல் நுழைந்தபோது
ஒரு ஜோடிக் கறுப்பு ஷூ எதிரே வந்து நின்றது.
நெஞ்சுப் பட்டையில் குராமோச்சி.
இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் முகமூடி,
மூன்று ஷிஃப்டின் தூக்கம் கண்ணில்.
என் பாதத்தைப் பார்த்தான்.
பாதத்திலிருந்து எட்டிப் பார்த்த ஆயிரத்தைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் திறந்து
குட்டியைக் குழியின் விளிம்பில் சாய்த்து வைத்தான்,
தும்மினால் விழும் தூரத்தில்.
பூட்டினான். குனிந்து வணங்கினான்.
நானோ ஏற்கெனவே குனிந்துதான் இருந்தேன்.

கடைசி நூறு.
விழுந்தது.
அமாமியா கைதட்டினாள், மணிபோல் மூன்று முறை,
பிறகு தன் பெட்டியின் பக்கம் திரும்பி
இன்னொரு நாணயம் போட்டாள்.
அவளுக்கு யார் திறப்பார் என்று
நான் நின்று பார்க்கவில்லை.
அது என்னவோ இன்னும் உறுத்துகிறது.

இரவுச் சோற்று உருண்டை நூற்று முப்பது.
இந்த முறை மூன்று அம்புக்குறியும் சரி.

விடுதி வரவேற்பில் தொங்கு தராசு.
கைப்பை ஏழு கிலோவைத் தாண்டினால்
டிக்கெட் விலையில் பாதி அபராதம்.
பட்டியலில் இல்லாத நீர்நாயை
மூக்கு மட்டும் வெளியே தெரியத் திணித்துக் கொக்கியில் மாட்டினேன்.
ஏழு புள்ளி சுழியம்.
மூச்சை அடக்கிக்கொண்டிருந்த வரவேற்பு ஆள்
விட்டான்.

பைக்குள் தேடியதில் மிச்சம் ஒரு யென்.
அலுமினியம், சரியாக ஒரு கிராம்.
அதையும் பக்க ஜிப்பில் போட்டுவிட்டுத்
தராசைப் பார்த்தேன்.

ஏழு புள்ளி சுழியம்.