மூணாந்தரம்

எங்களிடம் இருந்தது மொத்தம் பதினொரு நிமிடம்.
அதில் நாலு நிமிடம் கடற்காகம்,
மூன்று நிமிடம் ஐஸ் உடைக்கும் மெஷின்.
மிச்சத்தில்தான் தேசப்பன்.
காசிமேட்டு விடியலில்
யார் யாரோ போனில் பிடித்த ஏலங்கள்.

தொண்டைப்பெட்டியை எடுத்த பிறகு
கழுத்தில் ஒரு துளை, துளைமேல் ஈரத்துணி,
மடியில் மகன் வாங்கித் தந்த டேப்.
தட்டினால் பேசும். யாரோ பேசும்.
தண்ணி குடு என்று தட்டினால்
மாநிலச் செய்திகள் வாசிப்பவன் மாதிரி
தாகத்தை அறிவிப்பான் ஒருவன்.
அவன் பேசப் பேச
துளையில் இவர் மூச்சு வேறொரு தாளத்தில்
விசிலடித்துக்கொண்டிருக்கும்.

அந்த ஆளைத் துரத்தத்தான் வந்தார்கள்
தேசப்பனும் மனைவி பாக்கியமும்,
திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
போல்ட்டு நட்டுக் கடைக்கு மேலிருக்கும் எங்கள் அறைக்கு.
எம்.சி. ரோட்டில் வாங்கிய ஏழு மெத்தைகளைச்
சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தோம்.
அப்படியும் கன்டெய்னர் லாரி போனால்
தரைவழியே ஏறிவிடும் ஊர்.

பீச் ஸ்டேஷன் என்று எழுதிக் கொடுத்தோம்.
மெஷின் சொன்னதை இங்கே எழுதிக் காட்ட வழியில்லை,
எழுதினாலும் பீச் ஸ்டேஷன் என்றுதான் வரும்.
ஒரே எழுத்துக்கு உதடு இரண்டு விதமாய்த் திறக்கும்
இந்தச் சங்கடத்தில்
இரண்டு வாரம் போயிற்று.
பாக்கியம் பேரும் அந்த எழுத்தில்தான் ஆரம்பம்.

கிழங்கான் என்று தட்டியபோது
நாக்கை மடித்து, சுத்தமாக, கிழங்கான் என்றது.
பாக்கியம் சிரித்தாள்.
"இந்த ஆளு ஜென்மத்துல அப்டி சொன்னதில்ல.
கெயங்கா. எங்க, சொல்லச் சொல்லு."
விதி எழுதினேன்: ழ வந்தால் ய.
பழம் பயமாயிற்று, வாழை வாயை ஆயிற்று.
தமிழ் மட்டும் தமிழாகவே இருக்கட்டும் என்று
ஒரு விலக்கு போட்டேன்.
தேசப்பன் டேப்பை வாங்கி
அதை அழித்துவிட்டுத் தட்டினார்: தமிளு.

ஆனாலும் எல்லாமே ஏலமாக இருந்தது.
உப்பு கம்மி என்பதையும்
தூக்கம் வரல என்பதையும்
வஞ்சிரத்தின் விலைபோலக் கூரைக்கு எறிந்தது.
"வீட்ல மெதுவா பேசுனது ஏதாச்சும் இருக்கா?"
பாக்கியம் யோசித்தாள்.
முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி யோசித்தாள்.
"வீட்ல பேசுனாத்தானே."

இருபது பேரைக் கேட்க வைத்து மார்க் வாங்கினோம்.
ஐந்துக்கு மூன்று.
மூணாந்தரம், என்றான் என் கூட்டாளி சவுக்கத்.

அந்தச் சொல்லுக்கு நிமிர்ந்தார் தேசப்பன்.
மூன்று விரலைத் தூக்கினார்.
இரண்டை மடக்கினார்.
மூன்றாவதை அப்படியே காற்றில் நிறுத்தி
எங்கள் முகங்களைச் சுற்றிலும் பார்த்தார்.
பேரம் கேட்கிற பார்வை.

இரவு அந்தப் பதினொரு நிமிடத்துக்குத் திரும்பினேன்.
ஒரு தரம். ரெண்டு தரம்.
அப்புறம் ஒரு தட்டைக் கோடு.
முதல் நாளே வெற்றிடம் என்று நான் வெட்டி எறிந்தது.
அளந்து பார்த்தேன்.
மீன் மலிந்த நாளில் அரை நொடிகூட இல்லை.
வலை இளைத்து வந்த நாளில் மூன்று நொடி.
இன்னொரு கை உயராதா என்று
ஒருவர் மூச்சைப் பிடித்து நின்ற நேரம்,
பின்னால் கடற்காகம்கூடக் கத்தாமல்.

குப்பையில் கிடந்ததை எல்லாம் பொறுக்கி ஒட்டினேன்.
குரலைத் தொடவில்லை.

மறுநாள் ஒற்றை விரலால் தட்டினார்: பாக்கியம்.

டேப் உடனே பேசவில்லை.
கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி ஊதியது.
அரை நொடி. ஒரு நொடி.
ஜன்னலோரம் மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தவள்
"இன்னா" என்று திரும்பிவிட்டாள்,
பேர் வருவதற்கு முன்பே.