உடைந்தவற்றின் பதிவேடு

சாவி என்னிடம்தான் இருந்தது.
பதினோரு வருடம், இடுப்புப் பட்டியில்,
நடக்கும்போதெல்லாம் தொடையில் இடித்துக்கொண்டு.

லெசோதோவில், மொகோட்லோங் மலைமேல் எங்கள் பள்ளி.
ஆகஸ்டிலும் குழாய்த் தண்ணீர் உறைந்திருக்கும்.
போர்வையைத் தோளில் ஊசி குத்தி மூடிக்கொண்டு
பிள்ளைகள் வருவார்கள்,
சிலர் இரண்டு ஆறு தாண்டி.
வந்தவர்களிடம் சொல்வேன்:
பியூரெட் பக்கம் நாற்பத்தொன்றில் இருக்கிறது.

அந்தப் படத்தில் ஒரு துளி
விழப் பார்த்து விழாமல்
தொங்கிக்கொண்டே இருந்தது.

பரீட்சையில் ஒரு தாள் உண்டு,
செய்முறைக்குப் பதிலான தாள்.
செய்யாததைச் செய்ததாக எழுதவேண்டும்.
கண்மட்டத்தில் வைத்து அளவைப் படித்தேன்.
ஒரே துளியில் நிறம் மாறியது.
என் பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள்.
பொய்சாட்சி சொல்லப் பழக்கியவன் நான்.

அலமாரியில் இல்லையா என்றால், இருந்தது.
ஒன்பது பியூரெட், முப்பது குடுவை,
பெட்டியின் வைக்கோல்கூட உதறாத ஒரு நுண்ணோக்கி.
ஆய்வாளர் வரும் வாரம் துடைத்து அடுக்குவேன்.
அவர் எண்ணுவார். சரியாக இருக்கும்.
எதுவும் குறையாததற்காக
எனக்கொரு பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்கிறது.

பக்கத்திலேயே ஆணியில் தொங்கும்
உடைந்தவற்றின் பதிவேடு.
தேதி. பொருள். உடைத்தவர் பெயர். விலை.

எப்போதாவது திறப்பேன், சும்மா சொல்லக்கூடாது.
அப்போது கடைக்காரர் மகள் குழாயைத் திருகுவாள்,
மருத்துவமனைக்காரர் மகன் குடுவையை ஆட்டுவான்,
மற்றவர்கள் சுற்றி நின்று
அவர்கள் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்வார்கள்.
போன மார்ச்சில்
கௌஹெலோவைக் கூப்பிட்டேன், நீ பிடி என்று.
இது எவ்வளவு, ஐயா, என்றாள்.
அறிவு ஆர்வம் என்று நினைத்து
விலையைச் சொன்னேன், மலோட்டியில், சதம் பிசகாமல்.
அவள் கை போர்வைக்குள் திரும்பிப் போயிற்று.

அன்றிரவு பதிவேட்டைப் புரட்டினேன்.
பதினோரு வருடத்தில் ஏழு வரி.
ஏழும் காசு கட்ட முடிந்த வீட்டுப் பெயர்கள்.
ஆடு மேய்க்கிற வீட்டுக் கை
இதுவரை ஒரு சோதனைக்குழாயைக்கூட உடைத்ததில்லை.
எவ்வளவு பொறுப்பான பிள்ளைகள் என்று
நானே கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

புதுப் பக்கம் எடுத்தேன்.
உடைத்தவர் என்ற கட்டத்தில்
மேலிருந்து கீழ்வரை என் பெயரை எழுதினேன்,
தேதியை மட்டும் காலியாக விட்டு.
தலைமையாசிரியை பார்த்துவிட்டு
சம்பளத்தில் பிடிப்பார்களே என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து
கடைசி மூன்று வரியில் என் பெயரை அடித்து
அவர் பெயரைப் போட்டார்.

ஐம்பத்துநாலு பேர், ஒன்பது பியூரெட்.
ஆறு பேருக்கு ஒன்று; ஆளுக்கொரு முறை;
வேறு யாரும் கை நீட்டக்கூடாது.
மோலெஃபி பிறந்ததிலிருந்து பால் கறக்கிறவன்,
அவன் விரலுக்குத் துளியின் கணக்கு தெரிந்திருந்தது.
கௌஹெலோ கூடுதலாகத் திருகிவிட்டாள்.
புத்தகத்தில் வெளிர் இளஞ்சிவப்பு என்றிருக்கும்,
அவள் குடுவையில் செக்கச்செவேல்.
இருபத்தேழு புள்ளி ஒன்பது என்று எழுதி
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
அடிப்பேனா என்பதுபோல.
எனக்குத் தெரிந்து அந்த வகுப்பறையில்
ஒரு பிள்ளை தானே பார்த்து எழுதிய முதல் எண் அது.
தப்பான எண்.
இன்னொரு முறை, ஐயா, என்றாள்.

அந்த நேரத்தில்தான் பின்வரிசையில் ஒன்று விழுந்தது.
ஐம்பத்துநாலு தலையும்
கண்ணாடியை விட்டுவிட்டு ஆணியைப் பார்த்தன.
துடைப்பம் எடுத்து வந்து கூட்டினேன்.
தேதி போட்டேன்.

இதுவரை நாலு தேதி.
அக்டோபரில் ஆய்வாளர் வருகிறார்.
எண்ணட்டும்.
குறையும்.