மூன்று நாள் பாக்கி

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
அடுப்புக்கு மேலே கோழி வடிவக் கடிகாரம்
கொக்கரிக்கிறது.
இர்மா எழுந்து போகிறாள்.
அரைக் கரண்டி வெள்ளைத் தூள்,
அரைத் தம்ளர் வெந்நீர்,
கண்ணாடியில் கரண்டி இடிக்கும் ஓசை,
பிறகு ஒரு கண்ணை மட்டும் மூடி
ஒரே மடக்கு.

டப்பாவின் மேல் வெட்டி வைத்த ஆரஞ்சின் படம்.
உள்ளே இருப்பது ஆரஞ்சைக் கண்டதேயில்லை.
சோளத்திலிருந்து எடுக்கிறார்களாம்.
தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் டுவெய்ன் சொன்னான்.
ஆக மின்னசோட்டாச் சோளம்தான்
எங்கேயோ போய்ப் புளித்து
நாற்பது டாலருக்குத் திரும்பி வருகிறது.
இர்மாவிடம் சொன்னேன்.
"புளிச்சா சரி" என்றாள்.

வேட்டைக் காலண்டரில்
கடமானின் கொம்புக்குக் கீழே கோடுகள்,
நான்கு நின்றபடி, ஐந்தாவது குறுக்கே.
பதினோராவது கரண்டியில் வயிறு ஊதும்.
பாலத்தைத் தூக்கச் சொல்லி
டுலூத் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் ஊதுமே,
அப்படி.
ஒரு நீளம், இரண்டு குட்டை.
"வழி விடு, லோர்ன்!"
நான் படிக்கட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வேன்.

முப்பத்தொரு வருடம்
கப்பல் பட்டறையில் பழைய பெயின்ட் சுரண்டினாள்.
சிவப்புத் தூசி.
இமையில், காதுமடிப்பில்.
எங்கள் தலையணை உறைகள் எதுவும்
வெள்ளையாக இருந்து நான் பார்த்ததில்லை.
பட்டறையை மூடிவிட்டார்கள். தூசிக்கு ஓய்வில்லை,
எலும்பில் குடியிருக்கிறது என்கிறாள்.
ரத்தத்தில் ஈயம் இவ்வளவு என்று
ஒரு டாக்டர் எண் சொன்னார்.
எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று சொல்லவில்லை.
அதைச் சொன்னவர்கள்
தூள் விற்பவர்கள்.

நான் சிரித்ததில்லை. ஒரு தடவை தவிர.
சனிக்கிழமைதோறும்
வெளுத்து, வியர்த்து,
பாவமன்னிப்பு வாங்கியவள் முகத்தோடு
குளியலறையிலிருந்து வருவாள்.
"போதும்னு சொல்லிடுச்சு."
அவள் உடம்பில்
போதும் என்று சொல்லத் தெரிந்தது வயிறு ஒன்றுதான்.
தோளுக்குத் தெரியாது. முழங்காலுக்குத் தெரியாது.
பட்டறையில் யாரும் கேட்டதுமில்லை.

மார்ச்சில் கிளினிக்கிலிருந்து ஓர் உறை.
மூன்று அட்டைகள், மூன்று குச்சிகள்,
மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க.
போன வருடமும் வந்தது. தடவி அனுப்பினாள்.
ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.
எலுமிச்சை கேக் வாங்கினோம்.
இந்த வருடம் நான் மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறேன்,
அதனால்தான்
தாளின் பின்பக்கத்தையும் படித்தேன்.
எறும்பு எழுத்து:
சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே
வைட்டமின் சி நிறுத்தவும்.
ரத்தம் இருந்தாலும் அட்டை நீலமாகாமல் போகலாம்.

கேக்கின் ருசி
நாக்கில் திரும்பி வந்தது.
ஒரு வருடமாக அவள் கழுவியது
உடம்பையா
அட்டையையா?

உன் தூள் பொய் என்றால் சண்டை.
பயமாயிருக்கிறது என்றால் அழுகை, அதுவும் என்னுடையது.
அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு இழுத்து
தாளை டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு
பள்ளி பஸ் ஓட்டக் கிளம்பினேன்.
நான்காவது நிறுத்தத்தில் ஒரு பையன் வாந்தியெடுத்தான்.
மரத்தூள் போட்டுக் கூட்டினேன்.
ஸாரி, ஸாரி என்றான்.
உள்ளே இருந்தது வெளியே வந்ததற்கு
எதற்கடா ஸாரி.

சாயங்காலம் கோழி வாயைத் திறக்கவில்லை.
மேஜையில் குப்புறக் கிடந்தது.
டப்பா கராஜில், டர்பன்டைன் பக்கத்தில்.
காலண்டரில் நாளைய கட்டத்திலிருந்து
சிவப்பு மையில்
மூன்று வட்டங்கள்.

திரும்பாமலே உருளைக்கிழங்கு சீவினாள்.
"மூணு நாள் அழுக்காத்தான் இருப்பேன்.
பக்கத்துல படுப்பியா?"

அவள் கழுத்தில்,
முடி தொடங்கும் இடத்தில்,
முகத்தை வைத்தேன்.
வெங்காயம். வியர்வை.
எனக்குத்தான் தோன்றியதோ, கொஞ்சம் இரும்பு.
தூரத்தில் ஏரி விரிசல் விடும் சத்தம்.
இந்த வருடத்தின் முதல் கப்பல்
இன்னும் ஊதவில்லை.