பத்துக்கு எத்தினை

செவ்வாயும் வெள்ளியும் விடிய வெளிக்கிட்டால்
கோயிலுக்கு என்று நினைக்கிறது ஒழுங்கை.
என் பையில் இருப்பது ஒரு துவாய்,
மடிப்பில் பிய்ந்துபோன கிளினிக் கொப்பி.
பெரியாஸ்பத்திரி வாங்கில் பதினேழாம் இலக்கம்.

"இண்டைக்குப் பத்துக்கு எத்தின அக்கா?"
சுகம் விசாரிப்பதுபோல்தான் கேட்பாள் பஸ்லியா,
அக்கரைப்பற்றுப் பெண், கை எப்போதும் குளிர்ந்திருக்கும்.
ஏழு என்பேன்.
ஆறு வருசமாய் ஏழு.
படிக்கிற காலத்தில்கூட இவ்வளவு நிலையாய்
நான் புள்ளி எடுத்ததில்லை.

எங்கே பட்டது என்று கேட்டார்கள் எல்லாரும்.
செல்லா, விழுந்ததா, பிள்ளைப்பேறா?
ஒன்றும் படவில்லை.
கொக்குவில் உபதபாற்கந்தோரில்
கதிரையில் இருந்து முத்திரை குத்தினேன், அவ்வளவுதான்.
ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்த டொக்டர்
வயதுக்கேற்ற தேய்மானம் என்றார்,
பழைய சைக்கிளுக்குச் சொல்வதுபோல.
காயம் காட்ட முடியாத நோவுக்கு
இந்த ஊரில் மரியாதை கொஞ்சம் குறைவு.
மற்றவர்களுக்கு இடம்விட்டு
வாங்கின் ஓரத்தில்தான் இருப்பேன்.

பக்கத்தில் குருநகர் மரியநாயகம்.
முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்.
ஒருநாள் குனிந்து
அந்தப் பிளாஸ்டிக் பாதத்தைச் சொறிந்தார்.
நான் பார்த்ததைப் பார்த்துச் சிரித்தார்.
"பெருவிரல் கடிக்குது தங்கச்சி.
தொண்ணூற்றாறிலை போன விரல்.
இதை எந்தப் படத்திலை பிடிக்கிறது?"
அதற்குப் பிறகு நான் நடுவிலேயே இருந்தேன்.

வீட்டில் சிமெந்துத் தரை, ஒரு பாய்.
போட்டோக்கொப்பியில் படுத்திருக்கிற ஆளுக்கு முகமில்லை,
வெறும் வட்டம்தான் தலை. அவருக்கு நோகாது போலும்.
குதிகால் ஊன்றி இடுப்பை உயர்த்தினால்
அதற்குப் பெயர் பாலம்.
பத்து எண்ணும்வரை நான் பாலம்.
கீழால் ஒருமுறை எறும்பொன்று
அவசரமில்லாமல் கடந்துபோனது.
அது அக்கரை சேரும்வரை இறக்கவில்லை.
பதினாறு எண்ணிவிட்டேன் அன்றைக்கு.

யன்னல் கம்பியில் கட்டிய மஞ்சள் றப்பர்ப் பட்டியை
இவர் அவிழ்த்துக்கொண்டுபோய்
பாவற்கொடிக்குப் பந்தல் இழுத்திருந்தார்.
இரண்டு நாள் கதைக்கவில்லை நான்.
மூன்றாம் நாள் கொடிக்குப் பக்கத்திலேயே நின்று
பட்டியின் மிச்ச நுனியைப் பிடித்து இழுத்தேன்.
பூ இரண்டு உதிர்ந்தது. சரி என்று விட்டேன்.

கந்தோரிலும் அரைமணிக்கொருக்கால் எழும்பி
சுவரில் முதுகை ஒட்டி நிற்கவேண்டும்.
பென்சன் நாளில் வரிசை முறைத்தது.
"நாங்கள்தான் நிக்கிறம், நீங்களும் ஏன் பிள்ளை நிக்கிறியள்?"
அடுத்த மாதம் பார்த்தால்
கேட்ட மனுசனும் யன்னலுக்கு அந்தப்பக்கம்
சுவரோடு ஒட்டி நிற்கிறார், கண்ணை மூடிக்கொண்டு.

சில கிழமை ஒன்றுமே மாறாது.
சில கிழமை எட்டாகும்.
நொந்தால் நிப்பாட்டுறதா என்றேன்.
"நோவு கதைக்கட்டும் அக்கா,
கத்தினா மட்டும் நிப்பாட்டுங்க."
இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை.
சும்மா படு என்றார்கள். தூக்காதே என்றார்கள்.
சித்தாலேபை மணத்தோடு படுத்தே
மூன்று மாரி போயிற்று.

நேற்றுப் பின்னேரம் பண்ணைப் பாதையில் இறங்கினேன்.
இரண்டு பக்கமும் முழங்காலளவுக் கடல்.
சோளகம் சேலையைப் பிடித்து இழுத்தது.
விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு நடந்தேன்.
வைகாசியில் ஆறாவது கம்பத்தடியில் குந்தியிருந்து
ஓட்டோ பிடித்தவள்.
இடுப்பும் கூடவே வந்தது, முணுமுணுத்துக்கொண்டு,
கடைக்குக் கூட்டிப்போன பிள்ளை மாதிரி.
நாங்கள் திரும்புகையில்
எண்ணிய கம்பங்கள் எல்லாம் எரியத் தொடங்கியிருந்தன.

"இண்டைக்குப் பத்துக்கு எத்தின அக்கா?"
"இருபத்தொண்டு."
பேனையை நிறுத்தி நிமிர்ந்தாள் பஸ்லியா.
கம்பக் கணக்கைச் சொன்னேன்.
கேட்டு முடிய, மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு
கொப்பியில் ஆறு என்று எழுதினாள்.

அதுவும் சரிதான்.