மூன்றாவது கிளிக்

சேதராப்பட்டில் எங்கள் அளவை அறைக்கு
எந்நாளும் இருபது டிகிரி.
வெளியே இந்த வெயிலுக்கு
வேப்பமரம்கூட ரெண்டு மைக்ரான் நீண்டிருக்கும்
என்பான் இருதயராஜ்.

பத்துப் பின்கள். ஆளுக்கு மூன்று முறை.
அடியில் எழுதிய எண்ணைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு
கலைத்துக் கலைத்துத் தருகிறார் நிலவழகன்.
முதல் சுற்றில் அளந்த பின்னையே
மூன்றாம் சுற்றில்
முன்பின் தெரியாதவர்களைப் போல வாங்குகிறோம்.
மைக்ரோமீட்டர் ஒன்றுதான்.

இருதயராஜ் ஏழாம் பின்னுக்குக்
காலையில் ஒன்று சொன்னான்,
சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று,
கரண்டு போய் வந்தபின் வேறொன்று.
காகிதத்தில் அவன் புள்ளிகள்
கைதவறிய கடுகு.
முஜிபுர் பேசமாட்டான். துடைப்பான், பிடிப்பான்,
மூன்று கிளிக் கேட்ட பிறகே
கண்ணைக் கொண்டுபோவான்.

என் புள்ளிகளோ ஒன்றன்மேல் ஒன்று.
எந்தப் பின்னை எத்தனை முறை தந்தாலும்
ஒரு மைக்ரான் அசையவில்லை.
"அடேயப்பா" என்றார் நிலவழகன்.
யாரோ எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

பிறகு பூட்டிய பெட்டியிலிருந்து
சான்றிதழோடு வந்த மாஸ்டர் பின்னை எடுத்தார்.
சரியாக இருபது மில்லிமீட்டர்.
நான் படித்தது மூன்று மைக்ரான் கூட.
மறுபடியும் மூன்று கூட.
பத்துத் தடவையும்.

இருதயராஜின் கடுகையெல்லாம் கூட்டி வகுத்தால்
உண்மைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்கிறது.
நான்தான்
ஒரே பொய்யைக் குரல் நடுங்காமல்
பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன்.

"ராட்செட்டை எத்தனை கிளிக் திருப்புறீங்க?"
ஒன்று, என்றேன்.
அதுவும் முழுசாக இல்லை.
இரும்புக்கு வலிக்குமோ என்பதுபோல
இறுகுமுன்பே விட்டுவிடுகிறது என் விரல்.

மூன்று மைக்ரான்.
ஒரு தலைமுடியை இருபதாகப் பிளந்தால் ஒரு பங்கு.
அதற்குள் இருக்கின்றன
மேல் எல்லையைத் தாண்டியதென்று
ஆடி முழுக்க நான் ஒதுக்கிய நானூற்றுப் பன்னிரண்டு பின்கள்,
பழைய இரும்பு லாரியில் ஏறிப்போன சிவப்புத் தொட்டி,
கிரைண்டர் கலிவரதனுக்குக் கொடுத்த மெமோ,
அவர் சம்பளத்தில் வராமல்போன இன்சென்டிவ்.
அன்று அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்:
"நல்லாப் பாத்தியாம்மா?"

நல்லாத்தான் பார்த்தேன் அண்ணே.
ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்த்தேன்.

அறிக்கை தயாராகிவிட்டது.
வேறுபாட்டில் முப்பத்தொரு சதவீதம் எங்களுடையதாம்.
பின்களின் பெயரில் இதுவரை
எழுதிக்கொண்டிருந்தோம்.
அதில் மெமோவுக்கென்று கட்டம் எதுவும் இல்லை.

வில்லியனூர் பஸ்ஸில் அவருக்குப் பின்சீட்டு எனக்கு.
காலரில் கூலன்ட் கறை.
ஊசுடு ஏரி போய்விட்டது,
பத்துக்கண்ணு வரப்போகிறது.
தோளைத் தட்டக் கையை நீட்டுகிறேன்,
தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால்
வழக்கம்போல
நிறுத்துகிறேன்.